காதுக்கும் விரலுக்கும் ஒரு கணினி

மாதக் கடைசி நாள். சம்பளப் பட்டியலைச் சரிபார்த்து ஐந்து மணிக்குள் அனுப்பியாக வேண்டும். எக்செல்லில் நாற்பதாவது வரிக்கு வந்து கீழ் அம்புக்குறியை அழுத்தினேன். சத்தமில்லை. இன்னொரு முறை அழுத்தினேன். அப்போதும் இல்லை.

பார்வையுள்ளவரின் கணினி நின்றுபோனால் என்ன ஆயிற்று என்று திரையே ஓரளவு சொல்லிவிடும். சுட்டி வட்டமாகச் சுழலும், திரை நீலமாகும், அல்லது இருண்டுபோகும். பிறவியிலிருந்தே பார்வை இல்லாத எனக்கு அந்த வேறுபாடெல்லாம் கிடையாது. ஒலியளவு பூஜ்யத்துக்குப் போயிருக்கலாம். ஒலி டிரைவர் செத்திருக்கலாம். எனக்காகக் கணினியைப் பேச வைக்கும் மென்பொருளான திரைவாசிப்பான் மட்டும் விழுந்திருக்கலாம். விண்டோஸ் உறைந்திருக்கலாம். பேட்டரி தீர்ந்து இயந்திரமே அணைந்திருக்கலாம். ஐந்துக்கும் அடையாளம் ஒன்றுதான்: மௌனம்.

அன்று நான் செய்ததைச் சொல்கிறேன், யாருக்காவது உதவும். முதலில் மடிக்கணினியின் பக்கவாட்டில் உள்ளங்கையை வைத்தேன். வெதுவெதுப்பான காற்று வந்தது. ஆக, உயிர் இருக்கிறது. அடுத்து விண்டோஸ், கன்ட்ரோல், ஷிஃப்ட் மூன்றையும் பிடித்துக்கொண்டு ‘பி’ விசையைத் தட்டினேன். திரைக்கான டிரைவரை விண்டோஸ் புதிதாகத் தொடங்க வைக்கும் குறுக்குவழி அது. தொடங்கும்போது ‘பீப்’ என்று ஒரு ஒலி வரும். திரை எனக்கு வேண்டாம், அந்த பீப் வேண்டும். வந்தது. விண்டோஸும் ஒலிப்பாதையும் சரியாக இருக்கின்றன, விழுந்தது திரைவாசிப்பான்தான் என்று புரிந்தது. கன்ட்ரோல், ஆல்ட், என் சேர்த்து அழுத்த, என் திரைவாசிப்பானான என்விடிஏ மறுபடி பேசத் தொடங்கியது. பட்டியல் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

“எந்த லேப்டாப் வாங்கலாம்?” என்று மாதம் இரண்டு பேராவது என்னிடம் கேட்கிறார்கள். கல்லூரியில் சேரும் பிள்ளைக்கு, வங்கித் தேர்வெழுதும் தங்கைக்கு, புதிதாகப் பார்வை இழந்த அப்பாவுக்கு. நான் கம்பெனிப் பெயரில் தொடங்குவதில்லை. அழுத்திய விசைக்கு உடனே, முழுதாக, ஒவ்வொரு முறையும் பதில் சொல்கிற இயந்திரம் எதுவோ அதுதான் எங்களுக்கு நம்பகமான கணினி. அதை எப்படிக் கண்டுபிடிப்பது என்று தெரிய, உள்ளே நடப்பதைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும்.

திரைவாசிப்பான் என்ற பெயரே கொஞ்சம் ஏமாற்றும். இன்றைய திரைவாசிப்பான் பெரும்பாலும் திரையை வாசிப்பதில்லை. ஒரு காலத்தில் வாசித்தது. டாஸ் இயங்கிய நாட்களில் திரை என்பது 80 எழுத்து அகலமும் 25 வரி நீளமும் கொண்ட ஒரு கட்டம். மொத்தம் 2000 எழுத்துகள் நினைவகத்தில் ஓரிடத்தில் வரிசையாக இருக்கும். அவற்றை எடுத்துப் பேச வைத்தால் போதும். ஐபிஎம் நிறுவனத்தில் ஜிம் தாட்சர் எண்பதுகளில் உருவாக்கிய திரைவாசிப்பான் அப்படித்தான் வேலை செய்தது. மோட்டார் சைக்கிள் பந்தய வீரராக இருந்து 1978-இல் விபத்தில் பார்வையை இழந்த டெட் ஹென்டரின் நிறுவனம் 1989-இல் கொண்டுவந்த ஜாஸும் அதே வழிதான்.

விண்டோஸ் வந்ததும் அந்த வழி அடைபட்டது. எழுத்துகள் எழுத்துகளாக இல்லாமல் புள்ளிகளால் வரைந்த படங்களாகிவிட்டன. எந்தச் செயலி எங்கே என்ன வரைகிறது என்பதை இடைமறித்துப் பிடித்து, திரைக்குப் பின்னால் தனியாக ஒரு நகல் வைத்துக்கொண்டு சில ஆண்டுகள் சமாளித்தார்கள். 1997-இல் மைக்ரோசாஃப்ட் ஒரு பொது ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. ஒவ்வொரு செயலியும் தன்னிடமுள்ள ஒவ்வொரு உறுப்பையும் பற்றிக் கேட்டால் சொல்ல வேண்டும்: உன் பெயர் என்ன, நீ யார், இப்போது எந்த நிலையில் இருக்கிறாய்? ‘சேமி’, ‘பொத்தான்’, ‘இப்போது அழுத்த முடியாது’. இந்த விடைகள் ஒரு மரம்போலக் கிளைவிட்டு அடுக்கப்பட்டிருக்கும். ஆஸ்திரேலியாவில் பார்வையற்ற இளைஞர் மைக்கேல் கர்ரன் 2006-இல் தொடங்கி, இன்று உலகம் முழுவதும் காசில்லாமல் கிடைக்கிற என்விடிஏ, அந்த மரத்தில்தான் ஏறி இறங்குகிறது.

கடையில் சொல்லும் விவரங்களில் எது நமக்கு வேண்டும், எது வேண்டாம் என்பது இங்கேயே பிரிந்துவிடுகிறது. 4கே திரை, தனி கிராஃபிக்ஸ் அட்டை, தொடுதிரை இவற்றுக்குக் கொடுக்கும் ஒவ்வொரு ரூபாயும் திரைவாசிப்பானுக்குப் பயன்படாத பணம். வேண்டியது கேள்வி-பதில் போக்குவரத்தின் வேகம். ஒரு அம்புக்குறியை அழுத்தினால் திரைவாசிப்பான் செயலியிடம் பல கேள்விகளை அடுத்தடுத்துக் கேட்கிறது. ஒன்றுக்குப் பதில் வந்தால்தான் அடுத்ததைக் கேட்க முடியும். வரிசையில் நிற்கும் வேலை இது. பத்து கவுன்டர் திறந்திருந்தாலும் ஒரு கவுன்டரில்தான் நடக்கும். அதனால் ப்ராசஸரில் எத்தனை கோர் என்பதைவிட ஒவ்வொரு கோரும் எவ்வளவு வேகம் என்பதே எங்களுக்கு முக்கியம். பழைய தலைமுறை ஐ7-ஐவிடப் புதிய ஐ3 பல நேரம் சுறுசுறுப்பாகப் பதில் சொல்வது இதனால்தான். செலரான் வகையைத் தவிர்த்துவிடுங்கள் என்று துணிந்தே சொல்வேன்.

நினைவகத்துக்கும் இப்படி ஒரு காரணம் இருக்கிறது. இணையப் பக்கம் ஒன்றைத் திறந்ததும் திரைவாசிப்பான் அந்தப் பக்கம் முழுவதையும் ஒரு நீண்ட கட்டுரைபோல நகலெடுத்துத் தன்னிடம் வைத்துக்கொள்கிறது. நாங்கள் வரிவரியாகப் படிப்பதும், தலைப்பிலிருந்து தலைப்புக்குத் தாவுவதும் அந்த நகலில்தான். விளம்பரமும் இணைப்பும் நிறைந்த செய்தித் தளம் என்றால் ஆயிரக்கணக்கான உறுப்புகள். 4 ஜிபி நினைவகத்தில் உலாவிக்கே இடம் போதாது. 8 ஜிபிக்குக் குறைய வேண்டாம், முடிந்தால் 16. சுழலும் ஹார்ட் டிஸ்க் இருக்கிற இயந்திரத்தைத் தொடவே வேண்டாம், எஸ்எஸ்டி கட்டாயம். பழைய அலுவலக மடிக்கணினியைப் புதுப்பித்து விற்பவர்களிடம் வாங்கினால் இன்டெல் எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ என்று கேளுங்கள். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 எட்டாம் தலைமுறைக்கு முந்திய இன்டெல் சில்லுகளை, ஒன்றிரண்டு விதிவிலக்கு தவிர, ஏற்பதில்லை.

அடுத்தது ஒலி. பார்வையுள்ளவருக்குத் திரை எப்படியோ எங்களுக்கு ஒலிச்சில்லு அப்படி. ஆனால் அட்டைப்பெட்டியில் அதைப் பற்றி ஒரு வரிகூட இருக்காது.

பேட்டரியைச் சேமிப்பதற்காக, சில நொடிகள் சத்தமில்லாமல் இருந்தால் ஒலிச்சில்லு தூங்கிவிடும்படி மடிக்கணினிகளை அமைக்கிறார்கள். மறுபடி ஒலி வரும்போது அது விழித்து, பெருக்கி நிலைப்படச் சற்று நேரம் பிடிக்கும். பாட்டுக் கேட்பவருக்கு இது தெரியவே தெரியாது. முதல் தாளத்தில் ஒரு துணுக்கு போனால் யாருக்குத் தெரியும்? நான் ஒரு வங்கிக் கணக்கு எண்ணை இலக்கம் இலக்கமாகச் சரிபார்க்கிறேன் என்று வையுங்கள். ஒரு இலக்கத்தைக் கேட்டு, தாளில் பிரெயிலில் குத்தியிருப்பதை விரலால் தடவிப் பார்த்துவிட்டு அடுத்த விசையை அழுத்துகிறேன். அதற்குள் சில்லு தூங்கிவிட்டது. ‘டூ’ என்ற ஒலி கால் நொடிகூட நீடிக்காது. சில்லு விழிப்பதற்குள் அது முடிந்துவிடும், எனக்கு எட்டுவது வெறும் ‘ஊ’. இரண்டா, இல்லையா? இந்தத் தொல்லைக்காகவே, பேசி முடித்த பிறகும் ஒலிச்சாதனத்தைக் கொஞ்ச நேரம் விழித்திருக்கச் செய்யும் அமைப்பை இப்போது என்விடிஏவில் வைத்திருக்கிறார்கள். இருந்தும், தூங்கி வழியாத சில்லுள்ள இயந்திரமே மேல்.

ப்ளூடூத் இயர்போனிலும் இதே கதைதான். ஒலியைச் சுருக்கி, காற்றில் அனுப்பி, மறுமுனையில் விரித்துக் கேட்பதற்குள் 150, 200 மில்லிநொடி போய்விடுகிறது. அதென்ன பெரிய தாமதம் என்று தோன்றும். ஒரு நாளில் பல ஆயிரம் முறை விசையை அழுத்துபவருக்கு அது ஒவ்வொரு அடியிலும் காலைப் பிடித்திழுக்கிற மாதிரி. ஆகையால் 3.5 மில்லிமீட்டர் இயர்போன் துளை இல்லாத மடிக்கணினியை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. கம்பியுள்ள இயர்போன் ஒரு காதில் திரைவாசிப்பானுக்கு, இன்னொரு சாதனம் கூட்டத்தில் மற்றவர் பேசுவதைக் கேட்க என்று பிரித்து வைத்துக்கொண்டால் இணையவழிக் கூட்டங்களையும் நிம்மதியாகச் சமாளிக்கலாம்.

நாங்கள் கேட்கும் வேகத்தையும் சொல்ல வேண்டும். ஜெர்மனியின் டியூபிங்கன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அளந்து பார்த்திருக்கிறார்கள். பார்வையுள்ளவர்கள் நொடிக்கு 8 அசைகள் வரை எளிதாகப் புரிந்துகொள்கிறார்கள். பயிற்சி பெற்ற பார்வையற்றவர்களோ 22 அசைகள் வரை. அவ்வளவு விரைவான பேச்சைக் கேட்கும்போது அவர்கள் மூளையில் பார்வைக்கென்று இருக்கிற பகுதியும் சேர்ந்து வேலை செய்வதைப் படமெடுத்துக் காட்டினார்கள். என் அலுவலகத்தில் பக்கத்து இருக்கைக்காரர், “இது என்ன மொழி சார்?” என்று கேட்டிருக்கிறார். தமிழும் ஆங்கிலமும்தான், வேகம் மட்டும் வேறு.

இந்த வேகத்துக்கு மனிதக் குரல் போன்ற இனிய குரல்கள் பெரும்பாலும் ஈடுகொடுப்பதில்லை. அவற்றைத் தயாரிக்கக் கணினிக்கும் கூடுதல் வேலை. என்விடிஏயுடன் வரும் ஈஸ்பீக், பதிவுசெய்த குரலை ஒட்டிப் பேசுவதில்லை. எந்த எழுத்துக்கு எந்த அதிர்வெண்கள் என்று கணக்குப் போட்டு ஒலியை அங்கேயே உண்டாக்குகிறது. இதன் மூலவடிவம் 1995-இல் ஜொனாதன் டடிங்டன் ஏகார்ன் கணினிகளுக்காக எழுதியது. தகரம்போல ஒலிக்கும், விசையைத் தொட்டதும் பேசும். அதன் தமிழ்க் குரலும் அப்படித்தான். முதல் வாரம் காது வலிக்கும், மூன்றாவது மாதம் வேறு குரல் பிடிக்காது. நிதானமாகப் புத்தகம் கேட்க விண்டோஸில் ‘வள்ளுவர்’ என்ற தமிழ்க் குரலும் இருக்கிறது. ஆனால் பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சிட்ட கோப்பு வந்தால் எந்தக் குரலும் தோற்றுவிடும். ‘அம்மா’ என்பதை எழுத்தெழுத்தாகக் கேட்டால் ‘எம், கே, செமிகோலன், கே, எச்’ என்று வரும். தமிழக அரசு 2010-லேயே யூனிகோடை ஏற்றுக்கொண்டது. இன்னும் பழைய எழுத்துருவில் சுற்றறிக்கை அனுப்புகிறவர்கள் இதைப் படித்தால் தயவுசெய்து மாற்றிக்கொள்ளுங்கள்.

காதுக்கு அடுத்தது விரல். கணினி வாங்கும்போது நான் மிக அதிக நேரம் செலவிடுவது விசைப்பலகையில்தான். எஃப், ஜே விசைகளின் மேடு விரலுக்குத் தட்டுப்பட வேண்டும். எஃப் 4-க்கும் எஃப் 5-க்கும் நடுவே சிறு இடைவெளி வேண்டும். இல்லையென்றால் பன்னிரண்டு விசைகளையும் முதலிலிருந்து எண்ணிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். வலப்பக்கம் தனி எண்பலகை இருந்தால் அது பெரும் வரம். என்விடிஏவில் அந்தப் பலகையின் 7, 8, 9 முறையே முந்திய வரி, இந்த வரி, அடுத்த வரி. நடு வரிசை சொல்லுக்கு, கீழ் வரிசை எழுத்துக்கு. 2-ஐ இருமுறை தட்டினால் ‘என்’ என்பதை ‘நவம்பர்’ என்று விளக்கிச் சொல்லும். ஒரே கையால், இடத்தை விட்டு நகராமல் ஆவணம் முழுவதையும் தடவிப் பார்க்கலாம்.

ஹோம், எண்ட், பேஜ் அப், பேஜ் டவுன் விசைகளை அம்புக்குறிகளோடு சேர்த்து, எஃப்என் பிடித்தால்தான் வரும் என்று செய்துவைக்கும் மாடல்கள் நிறைய. எங்கள் கட்டளைகளில் ஏற்கெனவே இரண்டு மூன்று விசைகள் சேரும். அதோடு எஃப்என் சேர்ந்தால் ஒரு கை போதாது. வலது கிளிக்குக்குச் சமமான மெனு விசையும் இப்போது மறைந்துவருகிறது. மைக்ரோசாஃப்ட் 2024 ஜனவரியில் அறிவித்த கோபைலட் விசை, பல மாடல்களில் அந்த இடத்திலோ வலது கன்ட்ரோலின் இடத்திலோ வந்து உட்கார்ந்துவிட்டது. ஷிஃப்ட், எஃப் 10 சேர்த்து அழுத்திச் சமாளிக்கலாம்தான். ஆப்பிள் 2016-இல் செயல் விசைகளை எடுத்துவிட்டு, எஸ்கேப் உட்பட எல்லாவற்றையும் வழவழப்பான கண்ணாடிப் பட்டையில் வைத்தது. விரலுக்கு மேடில்லை, பள்ளமில்லை. 2023-இல் அதன் கடைசி மாடலும் நின்றுபோனதில் எனக்கு மகிழ்ச்சி.

பவர் பொத்தானை டெலீட்டுக்குப் பக்கத்தில் வைக்கிறார்கள். அழிக்கப் போன விரல் ஒரு விசை தள்ளிப்போனால் கணினி தூங்கிவிடும், மறுபடி அதே மௌனம். வாங்கிய அன்றே விண்டோஸ் அமைப்பில் அந்தப் பொத்தானை ‘ஒன்றும் செய்யாதே’ என்று மாற்றிவிடுங்கள். தேடித் தேடித் தொடும் விசைகள் மேல் நகப்பாலிஷ் ஒரு சொட்டு வைத்துக் காயவிட்டால் நல்ல மேடு கிடைக்கும்.

எந்தக் கணினியிலும் தீராத ஒரு குறையையும் சொல்லிவிடுகிறேன். விண்டோஸ் எழுவதற்கு முந்தைய சில நொடிகளில் கணினிக்கு வாய் கிடையாது. என் பழைய மேசைக்கணினியில் மதர்போர்டின் பொத்தான் பேட்டரி தீர்ந்துபோனது. காலையில் போட்டால் மின்விசிறி சுற்றுகிறது, பேச்சில்லை. இரண்டு நாள் காத்திருந்தேன். சரிபார்க்க வந்தவர் திரையைப் பார்த்துவிட்டு, “எஃப் 1 அமுக்கச் சொல்லுது சார், அவ்வளவுதான்” என்றார். ஒரு விசைக்காக இரண்டு நாள். இப்போது அலைபேசி இருக்கிறது. 2017-இல் வந்த சீயிங் ஏஐ போன்ற செயலியைத் திரைக்கு நேராகப் பிடித்தால் வாசித்துவிடும். இல்லையென்றால் பி மை ஐஸ் செயலி வழியே எங்கோ இருக்கும் தன்னார்வலர் ஒருவர் பார்த்துச் சொல்வார். வட்டைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர் கேட்கும் 48 இலக்க மீட்பு எண்ணும் இந்தப் பேசாத நேரத்தில்தான் வந்து நிற்கும். அதை முன்கூட்டியே அலைபேசியில் சேமித்து வையுங்கள்.

காரில் ஸ்டெப்னி வைத்துக்கொள்வதுபோல எங்களுக்கும் ஒன்று வேண்டும்: சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் யுஎஸ்பி ஒலி அடாப்டர். உள்ளிருக்கும் ஒலிச்சில்லோ அதன் டிரைவரோ கைவிட்டால் இதைச் செருகி, இயர்போனை மாட்டினால் பேச்சு திரும்பிவிடும். என் பையில் எப்போதும் இருக்கிறது.

போன முறை மடிக்கணினி வாங்க அக்கா மகனோடு சென்னை ரிச்சி தெருவுக்குப் போனேன். கடைப் பையன் நல்ல பையன்; திரையின் அருமையை விளக்கத் தொடங்கினான். “தம்பி, மூணு விசையைச் சேர்த்து அமுக்குறேன், பேசும், பயந்துடாதீங்க” என்று சொல்லிவிட்டு கன்ட்ரோல், விண்டோஸ், என்டரைச் சேர்த்து அழுத்தினேன். விண்டோஸுக்குள்ளேயே இருக்கும் நரேட்டர் பேசத் தொடங்கியது.

“சார், இது இதுக்குள்ளேயே இருக்கா?”

“விண்டோஸ் 10, 11 எதுல வேணும்னாலும் அமுக்கிப் பாருங்க தம்பி.”

பிறகு என் பென்டிரைவைச் செருகினேன். அதில் நிறுவாமலே ஓடும் என்விடிஏ இருக்கிறது. விண்டோஸ் ‘எஸ் மோட்’ என்று பூட்டப்பட்ட இயந்திரமாக இருந்தால் அது ஓடாது. முதலில் அந்தப் பூட்டை எடுக்கச் சொல்ல வேண்டும். ஒரு நீண்ட கோப்பைத் திறந்து அம்புக்குறியை அழுத்திப் பிடித்தேன், விட்டதும் பேச்சு நிற்கிறதா என்று. ஒரு நிமிடம் சும்மா இருந்து, ஒற்றை எழுத்தைத் தட்டினேன், முழுதாக வருகிறதா என்று. உலாவியில் பத்து பக்கங்களைத் திறந்து மின்விசிறி எவ்வளவு இரைகிறது என்று கேட்டேன். மடியில் வைத்துப் பார்த்தேன். ஸ்பீக்கர் அடியில் இருந்தால் துணி ஒலியை விழுங்கிவிடும். முதலில் காட்டிய விலை கூடிய மாடல் அந்த ஒற்றை எழுத்தை மூன்று முறையும் விழுங்கியது. நான்காவதாக எடுத்துத் தந்த, புதுப்பித்த அலுவலக மடிக்கணினி ஒரு எழுத்தையும் விடவில்லை. “மாமா, இது பார்க்கப் பழசா இருக்கு” என்றான் மருமகன். அதைத்தான் வாங்கினேன். இந்தக் கட்டுரையும் அதில்தான் எழுதியது.

கணினிக் கடைக்காரர்களிடம் எனக்கொரு வேண்டுகோள் இருக்கிறது. காட்சிக்கு வைத்திருக்கும் இயந்திரங்களில் ஒலியை முடக்கி வைக்காதீர்கள். எங்களில் ஒருவர் வந்தால் கூட வந்தவரிடம் பேசாமல், அவர் கையில் விசைப்பலகையைக் கொடுத்து கால் மணி நேரம் விட்டுவிடுங்கள்.